தேன்மொழியின் முன்னுணரி

சட்னி அரைக்கப் போய் என் மகளின் எதிர்காலத்தைப் பிடுங்கிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. கூடத்துச் சுவரில் இருக்கும் பிளக் பலகையில் எப்போதும் கூட்டம்தான். பால் ஏற்றும் பம்ப், சளி உறிஞ்சி, காற்றை ஈரமாக்கும் ஜாடி, என் போன் என்று வரிசையாகச் செருகியிருக்கும். சமையலறையில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் அன்று காலை உயிரை விட்டிருந்தது. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தவன், போன் சார்ஜர் என்று நினைத்து ஒரு வெள்ளை ஒயரைப் பிடுங்கினேன். அது முன்னுணரிப் பெட்டியின் ஒயர். அதற்குள் இருந்த பேட்டரி உப்பிப்போய், மாற்றித் தருகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆகவே பெட்டி ஒரு முனகல்கூட இல்லாமல் அணைந்தது. நான் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு அரைத்தேன். மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்தேன். ஒயரைத் திரும்பச் செருகவில்லை.

உலகத்தில் நடக்கப்போகிற அத்தனையையும் சொல்லும் பெட்டிக்கு, தேங்காய்ச் சட்னிக்காகத் தன்னை ஒருவன் அணைக்கப்போகிறான் என்பது மட்டும் தெரியவில்லை. என்னைக் கணிப்பது அவ்வளவு சிரமம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முன்னுணரி இல்லாத இடமில்லை. பால் பொங்குவதற்கு முன் அடுப்பு அணைகிறது. குழாய் உடைவதற்கு முன் பிளம்பர் வந்து பெல் அடிக்கிறார். பஸ் டயர் பஞ்சராவதற்கு முன் கழற்றி எறிகிறார்கள். எறிந்த டயர் உண்மையிலேயே பஞ்சராகியிருக்குமா என்று யாரும் கேட்பதில்லை. என் தொழில், கல்யாண ரிசப்ஷனில் மைக்கைப் பிடித்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவது. மண்டபங்களுக்கும் முன்னுணரி வந்தது. ஒரு ஜோக்குக்குச் சிரிப்பு வராதென்றால், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கையிலிருக்கும் மைக் லேசாக அதிர்ந்து காட்டிக்கொடுக்கும். அவினாசி ரோட்டில் ஒரு ரிசப்ஷனில் மைக் சாயங்காலம் முழுக்க அதிர்ந்துகொண்டே இருந்தது. வீடு வந்து சேர்ந்தபோது வலது கை மரத்துப்போயிருந்தது. அதோடு முழுநேர அப்பாவாகிவிட்டேன்.

என் மகள் பெயர் தேன்மொழி. அவள் வயிற்றில் இருந்தபோதே வைத்த பெயர். பிறந்த பிறகுதான் தெரிந்தது, அவளுடைய மூச்சுக்குழல் ஒரு இடத்தில் நூல் போலச் சுருங்கியிருக்கிறது என்று. கழுத்தில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். அதன் வழியாகத்தான் மூச்சு. வயிற்றில் இன்னொரு குழாய்; அதன் வழியாகப் பால். இதயத்தில் சின்னதாக ஒரு ஓட்டை, அது தானாக மூடிக்கொள்ளும் என்கிறார்கள், மூடட்டும். கழுத்துக் குழாய் இருந்தால் காற்று தொண்டைக்கு வராமல் வெளியே போய்விடுவதால் குரல் எழும்பாது. முதல் பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவள் குரலை நாங்கள் இன்னும் கேட்கவில்லை. பெயரை மாற்றிவிடலாமா என்று ஆஸ்பத்திரியில் ஒருமுறை தமாஷாகக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அதைக் கணிக்க முன்னுணரி தேவைப்படவில்லை.

அழுதாலும் சத்தம் வராத குழந்தை என்பதால், டிஸ்சார்ஜ் செய்யும்போது பெட்டியைக் கையோடு கொடுத்து அனுப்பினார்கள். குழந்தையின் நெஞ்சில் பொட்டு அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அது அவளுடைய நாடியையும் மூச்சையும் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு பெண் குரலில் சொல்லும்: "இன்னும் சற்று நேரத்தில் தேன்மொழிக்குச் சளி அடைக்கக்கூடும்." இதற்குப் பெயர் முன்குரல். உடனே நான் எழுந்து போய் உறிஞ்சியின் மெல்லிய குழாயைக் கழுத்துத் துளைக்குள் விட்டுச் சளியை எடுப்பேன். சளி வரும். எப்போதும் வரும். பெட்டி ஒரு தடவைகூடத் தவறியதில்லை. முன்பெல்லாம் விரலில் மாட்டி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று பார்ப்பார்களாம். அது நடந்து முடிந்ததைச் சொல்லும் கருவி. பழைய செய்தி யாருக்கு வேண்டும் என்று அதை நிறுத்திவிட்டார்கள்.

குழாயை உள்ளே விடும்போது தேன்மொழி வாயை அகலமாகத் திறப்பாள். முகம் சிவக்கும். கண்ணோரத்தில் நீர் இறங்கும். சத்தம் மட்டும் இருக்காது. "தேனு பாட்டுப் பாடறா," என்று நான் சொல்வேன். முதல் தடவை சொன்னபோது என் கை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. அதன் பின் ஒவ்வொன்றாகப் பலதும் நின்றன. பல் துலக்குவது போல, துணி மடிப்பது போல, குழாயை விடுவேன், எடுப்பேன், கழுவுவேன். எதற்கும் ஒன்றும் தோன்றாது. "நல்லா சமாளிக்கறீங்க சார்," என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சட்னி நாளுக்கு வருகிறேன். இட்லி தின்றுவிட்டுக் கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன். பெட்டி சும்மா இருந்தது. இன்றைக்கு நல்ல நாள் போல என்று நினைத்தேன். நினைத்தபடியே சாய்ந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது ஜன்னல் வெயில் கட்டிலைத் தாண்டி எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. என் மனைவி தமயந்தி மதியச் சாப்பாட்டுக்கு வந்து, கதவருகே நின்று பிளக் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பனியன் கம்பெனியின் நிட்டிங் பிரிவில் தரம் பார்க்கும் மேனேஜர். எங்கே கோளாறு என்று அவள் கண் தானாகவே போய்விடும்.

"ஏங்க, பெட்டி ஓடலையே," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவளுக்கும் எல்லாம் நின்றுபோயிருந்தது.

எழுந்தேன். பயம் வர வேண்டிய இடத்தில் ஒரு கொட்டாவி வந்தது. தேன்மொழி தொட்டிலில் கிடந்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இளஞ்சிவப்பாக இருந்தது. நகமும் அப்படியே. கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பனியன் வேஸ்ட் துணியில் கெட்டியாக ஈரம். தமயந்தி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தனை தடவ எடுத்தீங்க?"

"ஒரு தடவகூட எடுக்கல அம்மிணி. நான் தூங்கிட்டேன்."

"அப்ப இது?"

"அவளே இருமித் தள்ளியிருக்கா போல."

தமயந்தி துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மில்லில் துணியில் ஓட்டை தேடுவது போல. பிறகு புதுத் துணி கட்டிவிட்டு, பெட்டியின் ஒயரைச் செருகினாள். நானும் வழக்கம் போல எழுந்து, உறிஞ்சியைத் தயாராக எடுத்துக்கொண்டு தொட்டிலை நோக்கி நடந்தேன். பாதி வழியிலேயே பெட்டி சொன்னது: "இன்னும் சற்று நேரத்தில் தேன்மொழிக்குச் சளி அடைக்கக்கூடும்."

குழாயை விட்டேன். தேனு பாட்டுப் பாடினாள். சளி வந்தது.

உறிஞ்சியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. முன்னுணரி சேவை மையம். நாம் புகார் சொல்லக் கூப்பிடப்போவதை முன்பே தெரிந்துகொண்டு அவர்களே கூப்பிட்டுவிடுவார்கள்.

"வணக்கம் சார். இன்னும் பத்து நிமிஷத்துல நீங்க எங்களைக் கூப்பிடப் போறீங்க. சிரமம் வேண்டாமேன்னு நாங்களே கூப்பிட்டோம்."

"சரிங்க. நான் என்ன கேக்கப் போறேன்?"

"பெட்டி அணைஞ்சு இருந்தப்ப குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே, அப்ப பெட்டி சொல்றது நிஜமான்னு கேக்கப் போறீங்க சார்."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"பெட்டி சொல்றது நடக்கிற வாய்ப்பைத்தான் சார். நடக்கலைன்னா, நீங்க தடுத்துட்டீங்கன்னு அர்த்தம்."

"நான் தடுக்கலையே. தூங்கிட்டு இருந்தேன்."

"இன்னிக்கு அதிர்ஷ்டம்னு வெச்சுக்கலாம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"என் பொண்ணுக்கு இந்தப் பெட்டி வேணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்களேன்."

"உங்க திருப்தியே எங்க மகிழ்ச்சி சார்," என்று வைத்துவிட்டான். என்னுடைய அடுத்த கேள்வியையும் கணித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

தமயந்தி தட்டில் சோறு போட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க மில்லுல எல்லா நிட்டிங் மிஷினுக்கும் பெட்டி மாட்டியிருக்குது," என்றாள். "ஊசி ஒடையறதுக்கு முன்னாடியே சொல்லீரும். நாங்க ஊசிய மாத்தீருவோம். ஆனா ஒரே ஒரு மிஷினுக்கு மட்டும் மாட்ட மாட்டோம். சும்மா மிஷின்னு பேரு. அதுபாட்டுக்கு ஓடும். அதுல ஊசி ஒடையறதப் பாத்தாத்தான், மத்த மிஷினுக்குப் பெட்டி சொல்றது நெசமா, இல்ல நல்ல ஊசியவெல்லாம் தூக்கிப் போட்டுட்டு இருக்கமான்னு தெரியும்."

"நம்மகிட்ட இருக்கறது ஒரே மிஷின் அம்மிணி."

"தெரியுது. அதத்தான் நீங்க இன்னிக்கி சும்மா ஓட்டிப் பாத்துட்டீங்களே."

இந்த வீட்டில் நகைச்சுவை என் துறை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

விஷயம் சின்னதில்லை. தேன்மொழியின் சுருங்கிய மூச்சுக்குழல் இப்போது வளர்ந்து அகண்டிருக்கிறது என்று போன மாதம் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். கழுத்துக் குழாயை ஒரு மூடியால் மூடி, மூக்கு வழியாக மூச்சு விடுகிறாளா என்று சோதிக்கலாம். விட்டாளென்றால் பிறகு குழாயையே எடுத்துவிடலாம். குரல் வரும். ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: ஒரு வாரம் முழுக்க முன்குரல் ஒன்றுகூட வரக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரு பகல்கூட அப்படிக் கழிந்ததில்லை. அதிலும் என் முறையில்தான் அதிகம். சாயங்காலம் தமயந்தி வந்து குழந்தையை எடுத்துக்கொண்டதும் நான் கடைக்குப் போவேன், இல்லையென்றால் உள்ளறையில் சுருண்டுகொள்வேன். அந்த நேரத்தில் பெட்டி பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருக்கும். பகலெல்லாம் நான் ஒட்ட எடுத்துவிடுவதால்தான் உனக்கு வேலையில்லை என்று அவளிடம் பெருமை பேசுவேன்.

"அந்த வாரக் கணக்கெல்லாம் நடக்காது. டாக்டரையே நேராப் பாத்துக் கேட்டுருவோம்," என்றாள் தமயந்தி. மறுநாள் மில்லுக்கு லீவு சொன்னாள். பெட்டியையும் தொட்டிலையும் உறிஞ்சியையும் காரில் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் போனோம்.

டாக்டர் பர்வீன் குழந்தைகளின் மூச்சு சம்பந்தப்பட்ட நிபுணர். அறுவை சிகிச்சைக்கு முன்னால் தேன்மொழியைத் தூக்கிவைத்துக்கொண்டு வார்டு முழுக்க நடந்தவர். நல்லவர். ஆனால் அவர் எதையும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. காரணம் அவர் காதில் மாட்டியிருக்கும் சொல்காப்பான். டாக்டர்கள் எல்லோருக்கும் அது கட்டாயம். அவர் சொல்லப்போகும் வாக்கியம் பிற்பாடு ஒரு வழக்காக மாற வாய்ப்பிருந்தால், பாதியிலேயே அது காதில் சிணுங்கும். அவரும் பாதியிலேயே திரும்பிவிடுவார்.

நான் சட்னி கதையை முழுக்கச் சொன்னேன். தூங்கிய இடத்தில் மட்டும் ஜோக் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்படீன்னா அவளுக்கு இந்தப் பெட்டி இனிமே..." என்று ஆரம்பித்தவர் நின்றார். காதைத் தொட்டார். "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரிங்க."

"குழாய மூடிப் பாக்கலாமாங்க?" என்று தமயந்தி கேட்டாள்.

"பாக்கலாம்னு தான் எனக்கும்..." மறுபடி நிறுத்தம். "நிலைமையைப் பொறுத்து முடிவு பண்ணணும்."

தமயந்தி என் பக்கம் திரும்பவில்லை. "டாக்டர், நான் மில்லுல தரம் பாக்கறவ," என்றாள். "ஒரு சாம்பிள் ஓடி முடிஞ்சுருச்சு. நேத்து மாதிரியே இன்னொரு தடவ ஓட்டிப் பாத்தா நெசமா பொய்யான்னு தெரிஞ்சுரும். எங்க வீட்டுல ஓட்ட எனக்குத் தைரியமில்ல. இங்க நீங்க இருக்கறீங்க."

டாக்டர் பர்வீன் அவளையே பார்த்தார். அவர் காதில் சிணுங்கல் வரவில்லை போலும். யோசனை சொன்னவள் அவள்தானே.

"நேத்து வீட்ல யார் யார் இருந்தீங்க?"

"நான் மட்டும்தாங்க," என்றேன். "நானும் இல்லாத மாதிரிதான்."

"தூங்கிட்டு இருந்தீங்க. எழுந்து நடக்கவே இல்லையா?"

"இல்லீங்க."

அவர் யோசித்தார். "பெட்டி ஓடட்டும். அணைக்க வேண்டாம். நேத்து மாதிரி நீங்க மட்டும் இல்லாம இருந்து பாக்கலாம். கீழ கேன்டீன்ல போய் டீ குடிச்சுட்டு இருங்க லோகநாதன். நான் கூப்பிடற வரைக்கும் மேல வராதீங்க."

கேன்டீனில் நான் கேட்பதற்கு முன்பே சர்க்கரை குறைவாக ஒரு டீ வந்தது. சர்க்கரை தூக்கலாகத்தான் குடிப்பேன். ஆனால் இன்னும் சில வருஷத்தில் எனக்குச் சர்க்கரை வியாதி வரும் என்று கேன்டீனுக்குத் தெரிந்திருக்கிறது. குடித்தேன். இரண்டாவது டீயும் வந்தது. எதிரே ஒருவர் கல்லூரி ஹாலில் பேசப்போகிற உரையைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கூட இரண்டு ஜோக் சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. வேண்டாம் என்றார்.

மூன்றாவது டீ ஆறிக்கொண்டிருந்தபோது தமயந்தி கூப்பிட்டாள்.

"ஏங்க, இன்னும் ஒரு தடவகூடச் சொல்லலைங்க. அவளே ரெண்டு தடவ இருமினா. சளி வெளிய வந்துருச்சு, தொடச்சு விட்டேன். டாக்டரம்மா பக்கத்துலயேதான் உக்காந்திருக்காங்க. மூடியப் போட்டுப் பாக்கலாமான்னு யோசிக்கறாங்க. உங்கள மேல வரச் சொல்றாங்க."

சந்தோஷப்பட வேண்டும் என்பது தெரிந்தது. எங்கோ ஒரு அறையில் விளக்கு எரிகிறது, நான் அந்த அறையில் இல்லை, அந்த மாதிரி இருந்தது. டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். பிறகு மாடிப்படி ஏறினேன்.

வீட்டுக்குள்ளும் மாட்டிக்கொண்டு நடக்கும் என் செருப்புக்கு அடிப்பகுதி ஒரு பக்கம் பிரிந்திருக்கும். நடந்தால் டப், டப் என்று தட்டும். வராந்தாவில் நடந்து போனேன். அறைக்கதவு சாத்தியிருந்தது. கைப்பிடியில் கை வைக்கப் போனபோது உள்ளேயிருந்து அந்தப் பெண் குரல் கேட்டது. "இன்னும் சற்று நேரத்தில் தேன்மொழிக்குச் சளி அடைக்கக்கூடும்."

பழக்கதோஷத்தில் உள்ளே பாய்ந்து உறிஞ்சியைத் தேடினேன். டாக்டர் பர்வீன் கையை நீட்டி மறித்தார். "வேண்டாம். வெளிய போய் அந்தக் கோடி வரைக்கும் நடந்துட்டுத் திரும்ப வாங்க."

"அடைச்சிருமுங்களே."

"நான் இருக்கேன். போங்க."

போனேன். வராந்தாக் கோடியில் ஒரு தண்ணீர் குழாய் இருந்தது. அதன் அருகே நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி நடந்தேன். டப், டப். கதவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மறுபடி அதே குரல்.

மேடையில் நான் ஏறும்போதுகூட யாரும் இவ்வளவு சரியாக வரவேற்றதில்லை.

டாக்டர் கதவைத் திறந்து என் காலைப் பார்த்தார். "செருப்பைக் கழற்றி வெச்சுட்டு வாங்க," என்றார்.

கழற்றி வைத்தேன். வெறுங்காலோடு நடந்து வந்தேன். பெட்டி சும்மா இருந்தது. கதவைத் தாண்டினேன். சும்மா இருந்தது. நான்கு எட்டு வைத்தேன். தொட்டிலில் தேன்மொழி ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, திரைச்சீலையின் ஓரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே. "தேனு," என்றேன். அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

பெட்டி பேசியது.

தமயந்தி தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேன்மொழி வாயை அகலமாகத் திறந்திருந்தாள். முகம் சிவந்துகொண்டு வந்தது. கண்ணோரத்தில் நீர். என் கையில் எந்தக் குழாயும் இல்லை. பாட்டு மட்டும் ஆரம்பித்திருந்தது.

தமயந்தி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். டாக்டர் என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார்.

"பெட்டிக்கு என் நடை பிடிபட்டுப்போச்சுங்க போல," என்றேன். "எந்நேரமும் கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு."

"பெட்டிக்குக் காது கிடையாதுங்க. நெஞ்சுல இருக்கற வில்லை சொல்றது மட்டும்தான் அதுக்குத் தெரியும். நாடியும் மூச்சும்." அவர் தொட்டில் பக்கம் கண்ணைக் காட்டினார். "இந்த ரூம்ல உங்க நடையைக் கேட்டு அடையாளம் தெரியற ஆளுங்க ரெண்டு பேர்தான். ஒருத்தர் உங்க வீட்டுக்காரம்மா."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது. ஆகவே வேறு பக்கம் போனேன்.

"சளி நெசமாவே வருதேங்க டாக்டர். ஒவ்வொரு தடவையும் வருது. பெட்டி பொய் சொல்லலையே."

"பொய் சொல்லல. நாடி எகிறினா, மூச்சு மேல மேல வாங்கினா, சளி ஊறும். குழாயை உள்ள விட்டாலே உள்ள புண்ணாகி இன்னும் ஊறும். பெட்டி அதைப் பாத்துச் சொல்லுது. சொன்னதும் நீங்க வர்றீங்க. வந்தா என்ன நடக்கும்னு..." அவர் காதைத் தொட்டார். நின்றார். "...பொதுவா குழந்தைகள் சீக்கிரம் கத்துக்கும்."

"அவளும் ஒரு முன்னுணரிதான்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லல."

"பெட்டிய விட நல்ல பெட்டி. நான் படி ஏறும்போதே கண்டுபிடிச்சிருது. கம்பெனிக்காரன்கிட்டச் சொன்னா உரிமை வாங்கிட்டுப் போயிருவான்." பேசிக்கொண்டே போனேன். கையில் மைக் இல்லாவிட்டாலும் வலது கை அதிர்வது போல இருந்தது. "ஆரம்பத்துல நெசமாவே தேவைப்பட்டுச்சுதானுங்களே? வந்த புதுசுல நீலம் பாய்ஞ்சு கெடந்தாளே, அன்னிக்கெல்லாம் நான் எடுத்தது சரிதானுங்களே?"

"அன்னிக்கு நீங்க எடுக்கலைன்னா..." சிணுங்கல். "அன்றைய சூழ்நிலையில அது பொருத்தமான நடவடிக்கை."

"அப்பறம்?"

"அப்பறம் பலவிதமான காரணிகள் இருக்கலாம்."

பின்னால் தமயந்தி குழந்தையின் முதுகை நீவிக்கொண்டே நின்றாள். பெட்டி ஓய்ந்திருந்தது. தேன்மொழி அவள் தோளுக்கு மேலே இருந்து அறையைப் பார்த்தாள். பார்வை சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தது. நான் சட்டென்று திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், அவள் பார்க்கும்போது நான் அங்கே இல்லாமலிருந்தால் அவள் இருமிச் சளியைத் தானே வெளியே தள்ளிவிடுவாள் என்பதால்தான். வெளியே பார்க்கிங்கில் ஒரு காரை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கார் அதில் இடிக்கப்போகிறது போலிருக்கிறது. எந்தக் கார் என்று தேடிக்கொண்டிருந்தேன். கண் மங்கலாகியது. பல மாதங்களாக வராதது. தமயந்தி பார்த்துவிடக் கூடாது என்று கண்ணாடிக்கு நெருக்கமாகப் போனேன்.

"ஏங்க," என்று தமயந்தி பின்னாலிருந்து கூப்பிட்டாள். "கேக்க வேண்டியதக் கேட்டுருங்க. நானே கேப்பேன், ஆனா அது நீங்க கேக்க வேண்டியது."

நான் திரும்பவில்லை. கண்ணாடியில் டாக்டரின் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"சுத்தி வளைக்காமச் சொல்லுங்க டாக்டர். என் பொண்ணு என்னைக் கண்டு பயப்படறாளா?"

அவர் காதில் சொல்காப்பான் சிணுங்க ஆரம்பித்தது. அவ்வளவு உரக்க, எனக்கே கேட்டது. அவர் அதைக் கழற்றவும் இல்லை, காதைத் தொடவும் இல்லை. அது சிணுங்கி ஓயும்வரை காத்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க," என்றார். "உங்களை மட்டும்தான்."